மாடியில் இருக்கும் சங்கை எடைக்குப் போடாதீர்கள்

தமிழ்நாட்டின் நகராட்சி ஆணையர்களுக்கும் நகர்மன்றத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் அலுவலக மொட்டைமாடியிலோ, மார்க்கெட் கட்டடத்தின் மேலோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலோ ஒரு பழைய சைரன் இருக்கலாம். ஊர்க்காரர்களுக்கு அது சங்கு. "ஒன்பது மணிச் சங்கு ஊதியாச்சு, இன்னும் கிளம்பலையா?" என்ற அதட்டலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள் ஆறு பேர். சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய் அந்தச் சங்குகளைத் தேடிப் படம் எடுத்துக் குறித்து வைக்கிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பழைய கட்டடத்தை இடிக்கும் முன், பழைய இரும்பை ஏலம் விடும் முன், ஒரு தடவை மாடி ஏறிப் பாருங்கள்.

ஓர் ஊரில் அனுமதி கேட்டு மூன்று மாதம் அலைந்தோம். கடைசியில் மாடி ஏறினால் சங்கு இல்லை. தளத்தில் துருப்பிடித்த நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. உடைந்த நாற்காலி, குழாய்த் துண்டுகளோடு சேர்ந்து அதுவும் கிலோக் கணக்கில் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அது என்ன பொருள் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சரி, அது என்ன பொருள்? ஒரு மின்மோட்டார். அதன் தண்டில் இறக்கை வைத்த ஓர் உருளை. உருளையைச் சுற்றி, வரிசையாக வாய் வெட்டிய அசையாத கூடு. உருளை சுழன்று காற்றை உள்ளே இழுத்து வெளியே வீசுகிறது. வாய்கள் மாறி மாறித் திறந்து மூடுவதால் காற்று துண்டு துண்டாக வெட்டுப்பட்டு ஒலியாகிறது. பத்து வாய், நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் நொடிக்குச் சுமார் 467 அதிர்வு. ஸ்பீக்கர் கிடையாது, ரெக்கார்டு கிடையாது, வெறும் காற்றுதான். மோட்டார் வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். அதனால்தான் அடிக்குரலில் முனகித் தொடங்கி உச்சத்துக்கு ஏறுகிறது. சுவிட்சை அணைத்தாலும் உருளை உடனே நிற்காது. ஊரே கேட்ட அந்த நீண்ட இறக்கம் அப்படி வந்ததுதான். போர்க்காலத்தில் ஏறி இறங்கி ஊதினால் அபாயம், ஒரே சீராக ஊதினால் அபாயம் நீங்கியது என்று பொருள்.

இன்னோர் ஊரில் முழுதாக ஒன்றைப் பார்த்தோம். சாம்பல் நிறப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. மேலே மழைக்குத் தகரக் குடை. ஒரு வாய்க்குள் காக்கை கொண்டுவந்து செருகிய கம்பித் துண்டுகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உருளையை விரலால் தள்ளினேன். சத்தமே இல்லாமல் அரைச் சுற்று சுற்றி நின்றது. பேரிங் இன்னும் உயிரோடு இருக்கிறது! அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல வருடம் அந்தச் சங்கை ஊதி ஓய்வு பெற்ற பெரியவர் எங்களோடு மேலே வந்திருந்தார். "ரேடியோவில் மணி சொன்னதும் சுவிட்சைப் போட்டாகணும் தம்பி. ஒரு நிமிஷம் முந்தினாலும் கடைவீதியிலிருந்து ஆள் வந்து கேட்பாங்க" என்றார். சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் பிடி, அவர் கைபட்ட இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. இவரைப் போன்றவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதையும் பதிவு செய்ய வேண்டும். இரும்புகூட இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

செல்போன் காலத்தில் சங்கு எதற்கு என்று கேட்பீர்கள். தினமும் மூன்று வேளை ஊத வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பக்கத்திலேயே மருத்துவமனையும் பள்ளியும் இருக்கும் ஊர்களில் அது தொந்தரவுதான். ஆனால் ஜனவரி 30 இருக்கிறதே. தியாகிகள் நாளில் சைரன் உள்ள இடங்களில் காலை 10.59 முதல் 11.00 வரை ஊதி, இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும் 11.02 முதல் 11.03 வரை மறுபடி ஊத வேண்டும் என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் அறிவுறுத்தல். வருடத்தில் அந்த ஒரு நாளாவது ஊதட்டும். 2025 மே 7 அன்று நாடு முழுவதும் நடந்த சிவில் பாதுகாப்பு ஒத்திகையில் இங்கே சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும் இடம்பெற்றன. அந்த வாரம் வீட்டுக்கு வீடு சைரனைப் பற்றித்தான் பேச்சு. சொந்த ஊர் மாடியிலேயே ஒன்று இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அசையும் சொத்துப் பதிவேட்டில் சங்குக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கட்டடத்தை இடித்தே ஆக வேண்டுமென்றால் உருளையையும் கூட்டையும் பிரிக்காமல், கீழே போடாமல் இறக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஒரு தடவை கோணினால் உரசத் தொடங்கிவிடும். அப்புறம், ஸ்டார்ட்டர் பெட்டியையும் விட்டுவிட வேண்டாம். இறக்கியதைப் புதிய அலுவலக வாசலிலோ நகராட்சிப் பூங்காவிலோ குழந்தைகள் பார்க்கிற மாதிரி வைக்கலாம்.

செலவுக்கு நாங்கள் கேட்கவில்லை. கிரீஸ், ஸ்பானர், ஏணி எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. மோட்டார் வைண்டிங் தெரிந்தவர் ஒருவரும் கூட வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாடிச் சாவி மட்டும் கொடுங்கள், போதும்.

இப்படிக்கு,
சங்கு தேடி அலையும் ஆறு பேர் சார்பில் ஒருவன்