அச்சகம், டிடிபி, ஜெராக்ஸ் கடை உரிமையாளர் சங்கம்: 2025-ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அண்ணன் அவர்களுக்கும், பொருளாளருக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்களுக்கும், பூட்டாமல் பையனை உட்கார வைத்துவிட்டு வந்தவர்களுக்கும் வணக்கம். கூட்டத்தில் இதை நான் வாசித்தபோது பின்வரிசையில் பாதிப் பேர் போனில் யாருக்கோ புரூஃப் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் எழுத்திலும் போடுகிறேன்.

வருட ஆரம்பத்தில் 43 பேர் இருந்தோம். மூன்று கடைகள் மூடின, ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், ஆக 45. புதிதாக வந்த ஐந்து பேரில் ஒருவர்கூட ஆஃப்செட் இல்லை, எல்லாம் ஃப்ளெக்ஸும் கலர் ஜெராக்ஸும்தான். ட்ரெடில் என்ற பழைய மிதி அச்சு மெஷின் வைத்திருப்பவர் இப்போது நம்மில் ஒரே ஒருவர். அதுவும் அச்சடிக்க இல்லை, பில் புக்குக்கு நம்பர் போடவும் பெர்ஃபரேஷன் அடிக்கவும் மட்டும். ஆனால் மாதக் கடைசியில் அவர் கடை வாசலில்தான் நாம் எல்லோரும் நிற்கிறோம் என்பதையும் குறித்துவைக்கிறேன். செயற்குழு மாதம் ஒன்று என்று பன்னிரண்டு கூடியிருக்க வேண்டும், ஏழுதான் கூடியது. அதில் இரண்டு டீக்கடையில் நடந்தவை, தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பதால் அவையும் கணக்கில் உண்டு.

ஜிஎஸ்டி பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் வரி மாறியதில் நோட்டுப் புத்தகத்துக்கு வரியே இல்லை, அட்டைப் பெட்டிக்கு 5 சதவீதம். நமக்குக் கிடைத்த இனிப்பு அதோடு சரி, நாம் அச்சுக்கு வாங்கும் மேப்லித்தோ தாளின் வரி 12-இலிருந்து 18-க்கு ஏறிவிட்டது. செய்தியில் 'வரிக் குறைப்பு' என்று படித்துவிட்டு வந்த வாடிக்கையாளரிடம் நோட்டீஸ் விலை ஏன் ஏறியது என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பதிவு செய்தவர்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் பதிவே இல்லாத சின்னக் கடைகளும் அதை விலையில் வைப்பதைத் தவிர வழியில்லை. யாரும் பக்கத்துக் கடைக்குப் பயந்து பழைய ரேட்டிலேயே ஓட்ட வேண்டாம் என்று அக்டோபர் கூட்டத்தில் பேசினோம். நான்கு பேர் ஓட்டினீர்கள். பெயர் சொல்லவில்லை.

நவம்பர் 4-ஆம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பித்ததும் ஜெராக்ஸ் கடைகளுக்குத் தீபாவளி போனபின் இன்னொரு தீபாவளி வந்தது. படிவம் நிரப்ப, ஆதார் நகல் எடுக்க, 2002, 2005 பட்டியலில் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் தேட என்று கூட்டம். இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்தில் வாட்ஸப்பிலும் பென் டிரைவிலும் வந்த ஆதார், பான், பாஸ்புக் பிடிஎஃப் எல்லாம் இன்னமும் நம் மெஷின்களின் டவுன்லோட் ஃபோல்டரில்தான் கிடக்கின்றன. ஒரு உறுப்பினர் கடையில் நானே பார்த்தேன், டெஸ்க்டாப்பில் வால்பேப்பர் தெரியாத அளவுக்கு ஊரார் ஆதார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அப்போதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். நம்மிடம் அவ்வளவு யாரும் கேட்கப் போவதில்லை, நம் கடைகள் அத்தனையையும் விற்றாலும் தேறாது. ஆனால் யாரோ ஒருவர் பெயரில் யாரோ சிம் வாங்கி, போலீஸ் நம் வாசலில் வந்து நிற்க அந்தச் சட்டம் தேவையே இல்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்குவதற்கு முன் அந்த ஃபோல்டரைக் காலி செய்யுங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.

வாட்ஸப் என்றதும் அடுத்தது. நவம்பர் 28-ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. மெசேஜ் ஆப்கள் எல்லாம் எந்த சிம்மில் பதிவானதோ அந்த சிம் போனிலேயே இருந்தால்தான் ஓட வேண்டுமாம், கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது தானாக லாக் அவுட் ஆக வேண்டுமாம். கெடு 90 நாள், அதாவது 2026 பிப்ரவரி கடைசி வரை என்று அப்போது வைத்தார்கள். மோசடி செய்கிறவர்களைப் பிடிக்கத்தான் இது என்கிறார்கள், சரி. ஆனால் நம் தொழிலில் ஃபைல் வருவதே வாட்ஸப் வெப் வழியாகத்தான். கடை நம்பர் போட்ட போனை முதலாளி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டால் கடையில் இருக்கும் பிள்ளை கியூஆர் கோடை எதில் ஸ்கேன் செய்யும்? கடைக்கென்று ஒரு போன், அது கடையை விட்டு வெளியே போகக் கூடாது. இதை இப்போதே பழகுங்கள். கூடவே ஒரு மெயில் ஐடியும் வைத்துக்கொண்டு, அதை விசிட்டிங் கார்டில் அச்சடியுங்கள். மற்றவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கார்டு அடிக்கிற நம்மில் எத்தனை பேரிடம் சொந்தக் கார்டு இருக்கிறது என்று கை தூக்கச் சொன்னேன், ஒன்பது.

கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல் அனுப்பி பேங்க் பணத்தை உருவும் மோசடி இந்த வருடமும் ஓயவில்லை. அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்துவிட்டால் போனுக்கு வரும் மெசேஜ்களையும் ஓடிபியையும் அது படித்துவிடும். இதனால் நமக்கு ஒரு வேடிக்கையான லாபம்: "போன்ல அனுப்புனா எவனும் திறக்க மாட்டேங்குறான் தம்பி, பேப்பர்லயே அடிச்சுக் குடு" என்று என் கடைக்கே இரண்டு வீட்டார் வந்தார்கள். நாம் டிஜிட்டல் பத்திரிகை செய்து கொடுத்தால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வீடியோவாகவோ மட்டும்தான் கொடுக்க வேண்டும், அதை வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஏஐ படம். மார்ச்சில் சாட்ஜிபிடியில் புதிதாகப் படம் வரையும் வசதி வந்ததும் குடும்பம் குடும்பமாக ஜப்பான் கார்ட்டூன் மாதிரி மாற்றிக்கொண்டு வந்து 'இதை ஃப்ரேம் போடுங்க' என்றார்கள். ஆகஸ்டில் கூகுளின் நானோ பனானா வந்தது, அப்புறம் காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு டிசைனையே அவர்கள் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். டிசைன் காசு போச்சே என்று கூட்டத்தில் நிறையப் பேர் வருத்தப்பட்டீர்கள், நான் அவ்வளவு வருத்தப்படவில்லை. ஏனென்றால் வருகிற படம் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் பிக்சல். 1024 பிக்சலை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சடித்தால் மூன்றரை அங்குலம்கூட வராது, ஏ4 அகலத்துக்கே 2480 பிக்சல் வேண்டும். தூரத்தில் நின்று பார்க்கிற ஃப்ளெக்ஸுக்குச் சமாளிக்கலாம், பத்திரிகைக்கு முடியாது. அதற்கு மேல் தமிழ். 'வரவேற்கிறோம்' என்பது 'வரவேறகிறேம்' என்று வந்திருக்கும், 'ண'வுக்கு நான்கு சுழி இருக்கும், பார்த்தவுடன் தமிழ் மாதிரி இருக்கும், படித்தால் எந்த மொழியும் இல்லை. அதைத் துடைத்துவிட்டு எழுத்தை நாம்தான் போட வேண்டியிருக்கிறது. அதற்குக் காசு கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். இதுவும் கொஞ்ச நாளைக்குத்தான், வருடக் கடைசியில் வந்த படங்களில் எழுத்து முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது.

இனி நான் உண்மையாகவே கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பதவியை இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளச் சம்மதித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. தனிநபர்களுக்கு இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். நம்மிடம் கணக்கெடுத்தபோது பாதிக்கு மேல் தேறாத மெஷின்கள், சிலரிடம் விண்டோஸ் 7, ஒருவரிடம் எக்ஸ்பி. "நெட் கனெக்‌ஷன் குடுக்கலையே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார் அவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அந்த மெஷினில்தான் பக்கம் அமைக்கிற பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் ஓடுகிறது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அதற்குப் பிறகு புது வெர்ஷனே கிடையாது. ஆனாலும் நம் ஊர்ப் பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் கால் நூற்றாண்டாக அதில்தான் இருக்கின்றன, அதுவும் ஆளுக்கொரு பழைய ஃபான்ட்டில்.

என் கதையையே சொல்கிறேன். 2013-இல் ஒரு கோயில் கும்பாபிஷேக மலர் எங்கள் கடையில்தான் அச்சானது, 64 பக்கம். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டதல்லவா, போன வருடம் மறுபடி கும்பாபிஷேகம். கமிட்டிக்காரர்கள் வந்து, பழைய மலரையே எடுத்துத் தலைவர் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றினால் போதும், நன்கொடையாளர் பட்டியலில் புதுப் பெயர்களைக் கீழே சேர்த்துவிடலாம், ஒரு நாள் வேலைதானே என்றார்கள். நானும் ஒரு நாள் வேலைதான் என்று தலையாட்டி அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். சிடி கிடைத்தது. சிடி படிக்கிற டிரைவ் எந்த மெஷினிலும் இல்லை. டிரைவ் இரவல் வாங்கி ஃபைலை எடுத்தால், பேஜ்மேக்கருக்குப் பதிலாக வந்த இன்டிசைனின் இப்போதைய வெர்ஷன் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறப்பதில்லை. அந்த ஃபான்ட்டோ டாங்கிள் என்ற சாவி மாதிரியான கருவியை கம்ப்யூட்டரில் மாட்டினால்தான் வேலை செய்யும் சாஃப்ட்வேரோடு வந்தது, டாங்கிளை என் மகன் சின்ன வயதில் விளையாட எடுத்ததோடு சரி.

புதுப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. பழைய ஃபான்ட்களில் தமிழ் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் ஆங்கில எம், கே, செமிகோலன், கே, எச் என்று அடித்தால் திரையில் 'அம்மா' வரும், ஃபான்ட்டை எடுத்துவிட்டால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும். ஃபான்ட்டுக்கு ஃபான்ட் இந்த வரிசை வேறு. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் கொடுக்கும் யூனிகோட் அப்படியில்லை, அதில் 'அ' எங்கே போனாலும் 'அ'தான். அதனால்தான் பழைய பிடிஎஃப் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸப்பில் போட்டால் குப்பையாக வருகிறது.

கடைசியில் அந்த எக்ஸ்பி மெஷின்காரர்தான் காப்பாற்றினார். அவரிடம் அதே ஃபான்ட் இருந்தது, ஃபைல் திறந்தது. மேட்டரை எடுத்து கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றினோம். பழைய முறையில் 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். யூனிகோடில் 'க' முதலில் வரவேண்டும். அதையெல்லாம் கன்வர்ட்டர் ஒழுங்காக மாற்றிவிட்டது. அது மாற்றாதது நம் கை செய்த தப்பு. அந்தக் காலத்தில் எங்கள் கம்போசிங் அக்கா 'ர'வும் காலும் பார்க்க ஒன்றுபோல இருந்ததால் கைக்கு எது வசதியோ அதை அடித்துவிடுவார். பேப்பரில் யாருக்கும் தெரியாது. மாற்றியபின் பார்த்தால் ராமசாமி எல்லாம் 'ாாமசாமி' ஆகி, 'ராஜா' என்று தேடினால் ஊரில் ஒரு ராஜாவும் இல்லை. ஔவையாருக்கு 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நின்றன. அக்காவும் நானும் மூன்று ராத்திரி உட்கார்ந்து நன்கொடையாளர் பட்டியலை ஒவ்வொரு பெயராகத் திருத்தினோம். அப்படியும் ஒரு பெயர் விட்டுப்போய், அந்தக் குடும்பத்தார் மலரோடு கடைக்கு வந்து கேட்டதை நான் இங்கே விவரிக்கவில்லை.

ஒரு நாள் வேலை பதினோரு நாள் ஆனது, வாங்கிய காசு அட்வான்ஸோடு சரி. என் கடையில் இப்படி இன்னும் நூற்றுக்கணக்கான ஃபைல்கள் இருக்கின்றன, உங்கள் கடையிலும் இருக்கும். ஊர்த் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், யார் எந்த வருடம் இறந்தார் என்பது எல்லாம் வேறு எங்கும் இல்லை, நம் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. திறக்கிற மெஷின்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. அதனால் செயற்குழு எடுத்த முடிவு: அந்த எக்ஸ்பி மெஷினையும் ஒரு விண்டோஸ் 7 மெஷினையும் சங்கமே வாங்கி, நெட் இணைக்காமல், கன்வர்ஷனுக்கு மட்டும் வைக்கிறது. உறுப்பினர்கள் ஃபைலோடு வரலாம், கட்டணம் கிடையாது, கரண்டுக்கு உண்டியல் இருக்கும். புது வேலை எல்லாம் யூனிகோடில்தான். மீரா இனிமை, முக்த மலர், காட்டமரன் மாதிரி ஃபான்ட்கள் இலவசம், அச்சுக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. இன்டிசைன் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு அதே வேலையைச் செய்கிற இலவச சாஃப்ட்வேர் ஸ்கிரைபஸ் இருக்கிறது, 1.6-இல் தமிழ் ஒழுங்காக விழுகிறது.

புது மெஷின் வாங்க நினைக்கிறவர்கள் ரேம் விலையை விசாரித்துவிட்டு உட்காருங்கள், நின்றுகொண்டு கேட்க வேண்டாம். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப் எல்லாம் போகிறது, மெமரி சிப் செய்யும் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்கும் தன் குரூஷியல் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பழைய மெஷினைத் தூக்கிப் போடும்போது ரேமை உருவி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அச்சகம் வைத்திருப்பதற்கு மாஜிஸ்ட்ரேட் முன் டிக்ளரேஷன் கொடுக்கும் பழைய 1867 சட்டம் 2024 மார்ச்சிலேயே போய்விட்டது, இப்போது ஆன்லைனில் தகவல் கொடுத்தால் போதும். இன்னும் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. ஆனால் தேர்தல் என்று வந்தால் போஸ்டரிலும் நோட்டீஸிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். அது மாறவில்லை, தவறினால் ஆறு மாதம் வரை உள்ளே. கட்சிக்காரர் எவ்வளவு வேண்டப்பட்டவராக இருந்தாலும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வாங்காமல் பிளேட் போடாதீர்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசித்தார். சந்தா பாக்கி 14 பேர், பட்டியல் சங்கச் சுவரில் இருக்கிறது, யூனிகோடில்.

தமிழ்99 என்ற தட்டச்சு முறைக்கான கீபோர்டு வகுப்பு பிப்ரவரி முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பம், எட்டு வாரம். டைப்ரைட்டர் முறையில் பழகிய கைகளுக்கு முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். உயிரெழுத்து இடது கை, மெய் வலது கை, புள்ளி பல இடங்களில் தானே விழும் என்பது பிடிபட்டால் வேகம் வந்துவிடும். கம்போசிங் அக்காவும் கற்றுக்கொள்ள வருகிறார், அவருக்கு 61 வயது. வருகிறவர்கள் அவரவர் கீபோர்டைக் கையோடு கொண்டு வரவும். சங்கத்தில் இருப்பதில் 'ழ' விழுவதில்லை.