பாப்பாவுக்கு, அம்பத்தூர்ல இருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேத்து நீ போன்ல சொன்னதுல இருந்து மனசு அதையே சுத்திட்டு இருக்கு. சென்னைக்கு மாத்தல் தர்றாங்க, ஆனா ஆபீஸ் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்லயாம், திரும்பவும் அங்கயாப்பா, ஐடி கம்பெனிங்க நெறைய இருக்குற ஓஎம்ஆர் ரோடு பக்கம் கேட்டு பாக்கட்டுமான்னு கேட்ட. நான் பதில் சொல்றதுக்குள்ள உங்கம்மா போன வாங்கிட்டா. எனக்கும் போன்ல கோர்வையா பேச வராது, அதான் உக்காந்து எழுதுறேன்.

உனக்கு இந்த ஊர் மேல ஏன் கசப்புன்னு எனக்கு தெரியும்மா. நீ எட்டாவது படிக்கும்போது ஒரு பெரிய கம்பெனிக்கு அவங்க கேட்ட பார்ட்ட நம்ம லேத்துல கடைஞ்சு ஜாப் ஒர்க் பண்ணி குடுத்துட்டு எட்டு மாசம் பில்லு வராம அலைஞ்சேன், உங்கம்மா வளையல அடகு வெச்சு ஷெட்டுல வேலை பாத்த பசங்களுக்கு சம்பளம் போட்டேன், அத நீ கதவு பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்த. அன்னிக்கு ராத்திரி என் சட்டையில ஒட்டியிருந்த இரும்பு சுருள ஒண்ணு ஒண்ணா புடுங்கிக்கிட்டே "நான் பெருசானா இங்க இருக்க மாட்டேன்பா"ன்னு சொன்ன. சொன்ன மாதிரியே 2011-ல புனேக்கு போயிட்ட. அதே வருஷம்தான் நம்ம நகராட்சிய சென்னை மாநகராட்சியோட சேத்தாங்க.

நான் இங்க வந்தது 1986, அரக்கோணத்து பக்கத்துல இருந்து ஐ.டி.ஐ. டர்னர் சர்டிபிகேட்ட ஒரு பையில போட்டுக்கிட்டு. பாடி தாண்டினதும் கண்டக்டர் பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள், டன்லப்னு கூவிட்டே வருவாரு, எனக்கு தெரு பேரு ஒண்ணும் தெரியாது, கம்பெனி பேர வெச்சுதான் ஊரையே கத்துக்கிட்டேன். பிரிட்டானியா கிட்ட வந்தா பஸ்ஸுக்குள்ள பிஸ்கட் வாசனை வரும், காலையில சாப்பிடாம போற நாள்ல வயித்த பெசையும். டி.ஐ. சைக்கிள் 1949-லயே வந்தது, எஸ்டேட் 1964-ல. 1000 ஏக்கருக்கு மேல, எங்க பாத்தாலும் ஷெட்டு, லேத்து, பிரஸ்ஸு. பாடியில லூகாஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியான்னு வண்டி பார்ட்ஸ் செய்யுற பெரிய கம்பெனிங்க இருந்ததால அவங்களுக்கு வேண்டிய புஷ்ஷு, பின்னு மாதிரி சின்ன பார்ட்ட கடைஞ்சு குடுத்தே எங்கள மாதிரி ஆயிரம் குடும்பம் பொழச்சுது. பெரிய கம்பெனி தும்முனா எங்களுக்கு ஜுரம் வரும். டன்லப்பும் மூடிட்டாங்க, இப்ப பஸ் ஸ்டாப்புல பேரு மட்டும் நிக்குது.

அப்புறம் 2000-க்கு மேல ஐடி வர ஆரம்பிச்சுது. மூடிக்கிடந்த பேக்டரி எடம்லாம் கண்ணாடி பில்டிங்கா மாறிச்சு. ஏன் இங்க வந்தாங்கன்னா, எடம் பெருசா ஒரே துண்டா கெடைச்சுது, பாடி மேம்பாலம் ஏறினா கோயம்பேடு, அண்ணாநகர் பக்கம், ஆவடி திருவள்ளூர்ல இருந்து பசங்க ஒரே டிரெயின்ல பட்டரவாக்கம் வந்து எறங்கிடலாம். இப்ப கம்ப்யூட்டர் சர்வரா அடுக்கி வெக்கிற டேட்டா சென்டர் வேற வந்திருக்கு, என்.டி.டி. ஒண்ணு கட்டியிருக்காங்க, சுவத்துல ஜன்னலே இல்லாத பில்டிங்கு, ராத்திரி பகலா குளிர் மெஷின் ஓடுற சத்தம் மட்டும் வெளிய கேக்கும். அங்கிட்டு பட்டாபிராம்ல 21 மாடி டைடல் பார்க் 2024-ல தொறந்தாச்சு, கோயம்பேட்டுல இருந்து நம்ம ஊர் வழியா பட்டாபிராம் வரைக்கும் மெட்ரோ விட திட்டமும் போட்டிருக்காங்க.

ஆனா எனக்கு பெருமை அந்த கண்ணாடி பில்டிங்கு இல்ல பாப்பா. என்கிட்ட அப்ரன்டிஸா இருந்த பையன் ஞாபகம் இருக்கா, உனக்கு தேன்மிட்டாய் வாங்கி தருவானே, அவன் இப்ப கம்ப்யூட்டர்ல ஓடுற சி.என்.சி. மெஷின் ரெண்டு வெச்சிருக்கான். போன வாரம் போயிருந்தேன். ஆவடி பக்கத்து பொண்ணு ஒண்ணு, இருபத்திரெண்டு வயசு இருக்கும், மெஷின்ல இருந்து ஒரு ஷாஃப்ட்ட எடுத்து துணியில தொடச்சு மைக்ரோமீட்டர்ல வெச்சு பாத்துட்டு, ரெண்டு மைக்ரான் கூட இருக்குன்னு சொல்லி மெஷின்ல ஆஃப்செட்ட, அதான் அளவு திருத்தத்த, மாத்துச்சு. தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்கு கூட வராதும்மா அது! நாங்க கைரேகை தேயத்தேய கத்துக்கிட்டத அது கண்ணு சிமிட்டாம பண்ணுது. ஐடி வந்ததும் லேத்து போயிடும்னு எல்லாரும் சொன்னாங்க, போகல, ரெண்டும் ஒரே தெருவுல நிக்குது. அதுதான் எனக்கு புடிச்சிருக்கு, வேற எந்த ஊர்ல இத பாக்க முடியும்?

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல என் மோட்டார் ரெண்டும் போச்சு, உன்கிட்ட அப்போ ஒண்ணுதான் போச்சுன்னு சொன்னேன். கொரட்டூர் ஏரியில சாக்கடை கலக்குறத எதுத்து ஜனங்க பசுமை தீர்ப்பாயம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. சாயந்திரம் சிடிஎச் ரோட்டுல வண்டி நகராது. ஷெட்டு வாடகை கட்டுப்படி ஆகாம எங்க கூட்டாளிங்க சில பேரு தள்ளி இருக்குற காக்களூர், திருமழிசை எஸ்டேட்டுக்கு போயிட்டாங்க, அது எனக்கு வலிக்குது. ஊர் வளந்தா அத வளத்தவனுக்கும் அதுல ஒரு மூலை இருக்கணும், நான் சங்கத்து கூட்டத்துலயும் இதத்தான் சொன்னேன்.

நீ ஓஎம்ஆர் போனாலும் எனக்கு கோவம் இல்ல. ஆனா அந்த எட்டு மாசத்த மட்டும் வெச்சுக்கிட்டு இந்த ஊர முடிவு பண்ணாத. அந்த கடனும் அடஞ்சுது, வளையலும் திரும்பி வந்துச்சு, உங்கம்மா கையிலதான் இருக்கு.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுட்டு வா. சென்ட்ரல்ல எறங்கி ஆவடி லோக்கல் ஏறு, அம்பத்தூர் வரைக்கும் வராத, பட்டரவாக்கத்துலயே எறங்கிடு. நான் சைக்கிளோட வெளிய நிக்கிறேன், உன் ஆபீஸ் எந்த தெருன்னு ரெண்டு பேரும் நடந்தே போய் பாத்துட்டு வந்துடலாம். அம்மா அன்னிக்கு வஞ்சிரம் வாங்குறதா சொல்றா, எந்த சனிக்கிழமைன்னு முன்னாடியே சொல்லிடு.

அன்புடன்,
அப்பா