ஸ்டீவ் டிக்கோலோவுக்கு நீங்கள் தராத தோல்விகள்

துபாயில் உள்ள சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2027-ல் ஒருநாள் உலகக் கோப்பை மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வேயோடு இந்த முறை நமீபியா. 2003-ல் அந்த மூன்றாவது இடத்தில் இருந்த நாடு கென்யா. போட்டியை நடத்தியதோடு நிற்காமல் அரையிறுதி வரை ஆடவும் செய்தது. டெஸ்ட் அந்தஸ்து இல்லாத ஓர் அணி அவ்வளவு தூரம் வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இன்று அதே கென்யா தகுதிச் சுற்றுகளின் கீழ்த்தட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. 2003-ல் அந்த அணியின் கேப்டனாக இருந்த ஸ்டீவ் டிக்கோலோவை முன்வைத்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

1997 ஏப்ரல், கோலாலம்பூர். டெஸ்ட் அந்தஸ்து இல்லாத நாடுகளுக்கான ஐசிசி டிராபியின் இறுதி ஆட்டம். டிக்கோலோ 147 அடித்தார். அணியின் மொத்தமே 241. நடுவில் மழை வந்தது. திருத்திய இலக்கான 166-ஐ, 25 ஓவரின் கடைசிப் பந்தில், இரண்டு விக்கெட் மீதமிருக்க வங்கதேசம் எட்டிவிட்டது. மூன்றே ஆண்டுகளில் வங்கதேசத்துக்கு டெஸ்ட் அந்தஸ்து கொடுத்தீர்கள். அந்த இறுதியில் எதிரணியில் ஆடிய அமினுல் இஸ்லாம், 2000 நவம்பரில் டாக்காவில் தன் நாட்டின் முதல் டெஸ்டிலேயே இந்தியாவுக்கு எதிராக 145 அடித்தார். அருமையான ஆட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த 145 டெஸ்ட் வரலாற்றில் என்றைக்கும் இருக்கும். டிக்கோலோவின் 147 சர்வதேச ஒருநாள் கணக்கில்கூட வராது.

வங்கதேசத்துக்குக் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. கொடுத்தபின் நீங்கள் காட்டிய பொறுமையைத்தான் சொல்கிறேன். முதல் டெஸ்ட் வெற்றிக்கு அவர்கள் 2005 ஜனவரி வரை காத்திருந்தார்கள். அது அவர்களுடைய 35-வது டெஸ்ட். நியூசிலாந்து 1930-ல் தொடங்கி 1956-ல்தான் முதல் டெஸ்டை வென்றது. தோற்றுத் தோற்றுத்தான் எல்லோரும் கற்றார்கள். தோற்றாலும் அடுத்த தொடர் உண்டு என்ற உத்தரவாதம்தான், டெஸ்ட் நாடுகளுக்கு நீங்கள் தரும் முழு உறுப்பினர் என்ற தகுதியின் உண்மையான மதிப்பு. கென்யாவுக்கு அது கிடைக்கவே இல்லை. ஜெயித்தால் மட்டுமே அடுத்த ஆட்டம் என்ற நிலை. வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தும் கிடைக்கவில்லை.

2003-ஐ அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பாதுகாப்பு காரணம் காட்டி நியூசிலாந்து நைரோபிக்கு வராமல் புள்ளிகளை விட்டுக்கொடுத்தது உண்மைதான். ஆனால் இலங்கை வந்ததே. ஜெயசூர்யா, அரவிந்த டி சில்வா, முரளிதரன் எல்லோரும் இருந்த அணி. 210 ரன்னை வைத்துக்கொண்டு அவர்களை 157-ல் சுருட்டினார்கள். காலின்ஸ் ஒபுயாவுக்கு ஐந்து விக்கெட். ஜோகன்னஸ்பர்க்கில் வங்கதேசம், புளூம்ஃபொன்டெயினில் ஜிம்பாப்வே. ஒரே உலகக் கோப்பையில் மூன்று டெஸ்ட் நாடுகள் விழுந்தன. டர்பனில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற ஆட்டத்தில்கூட, ஓய்விலிருந்து திரும்பி வந்த ஆசிஃப் கரீம் 8.2 ஓவரில் ஏழே ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். நாற்பதை நெருங்கியவர்!

மார்ச் 20, டர்பனில் அரையிறுதி. கங்குலி சதம் போட, இந்தியா 270. இங்கே நாங்கள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்கம் தனியாளாக நின்று 56 எடுத்தது டிக்கோலோ. சும்மா சொல்லக்கூடாது, பந்தை அவ்வளவு நிதானமாகப் பார்த்து ஆடுகிறவர் அந்த அணியில் வேறு யாரும் இல்லை. 1996-ல் கண்டியில் இலங்கை 398 குவித்து உலக சாதனை படைத்த அன்றும், பயப்படாமல் 96 அடித்தவர் அவர்தான்.

சரி, அரையிறுதி முடிந்ததும் என்ன நடந்தது? ஏப்ரலில் ஷார்ஜாவில் ஒரு தொடர். 2004 சாம்பியன்ஸ் டிராபியில் இரண்டு ஆட்டம். அடுத்த ஒருநாள் ஆட்டம் 2006-ல், ஜிம்பாப்வேயில். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது ஒரு பேட்ஸ்மேனுக்குப் பொற்காலம். அதை அவர் ஆட்டமில்லாமல் கழித்தார்.

கென்ய வாரியத்தின் சீர்கேட்டை நீங்கள் சுட்டிக்காட்டுவீர்கள். சம்பளத் தகராறு, வீரர்கள் வேலைநிறுத்தம், சூதாட்டத் தரகர் (புக்கி) தொடர்புக்காக மாரிஸ் ஒடும்பேக்கு ஐந்தாண்டுத் தடை: எல்லாம் நடந்தவைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே காலத்தில் ஜிம்பாப்வே வாரியமும் வீரர்களோடு மோதிக்கொண்டு, ஆறாண்டு டெஸ்ட் ஆடாமலே இருந்தது. அவர்களுடைய நாற்காலி மட்டும் போகவில்லை. கென்யாவோ 2014-ல் ஒருநாள் அந்தஸ்தையும் இழந்தது.

2011-ல் எங்கள் சேப்பாக்கத்தில் கென்யா 69-க்குச் சுருண்டது. நியூசிலாந்து எட்டே ஓவரில் முடித்துவிட்டது. 'இவர்களெல்லாம் உலகக் கோப்பைக்கு எதற்கு' என்ற பேச்சு அப்போது எழுந்தது. நீங்களும் 2019-க்குள் அணிகளைப் பத்தாகக் குறைத்தீர்கள். எட்டு ஆண்டு பட்டினி போட்டுவிட்டு ஆள் மெலிந்திருக்கிறான் என்று சொல்வது என்ன நியாயம்? டிக்கோலோ தன் கடைசி உலகக் கோப்பை ஆட்டத்தை ஈடன் கார்டனில் ஆடியது அதே ஆண்டு மார்ச் 20. சேப்பாக்கத்தில் யுவராஜ் சதம் அடித்த நாள் அது. கொல்கத்தாவை யார் பார்த்தார்கள்? 3,400-க்கு மேல் ஒருநாள் ரன், 90-க்கு மேல் விக்கெட், டெஸ்ட் பூஜ்யம்.

இப்போது நெதர்லாந்து கேப்டன் ஸ்காட் எட்வர்ட்ஸுக்கு வருவோம். 2023 உலகக் கோப்பையில் அவருடைய நெதர்லாந்து தென்னாப்பிரிக்காவையும் வங்கதேசத்தையும் வென்றது. ரோஹித் பௌடேலின் நேபாளம் 2025-ல் ஷார்ஜாவில் மேற்கிந்தியத் தீவுகளிடமிருந்து டி20 தொடரையே பறித்தது. கெர்ஹார்ட் எராஸ்மஸின் நமீபியா விண்ட்ஹூக்கில் தென்னாப்பிரிக்காவைக் கடைசிப் பந்தில் சாய்த்தது. இவர்களுக்கும் முப்பது வயது ஒருமுறைதான் வரும்.

ஆகவே கேட்பது இதுதான். உலகக் கோப்பையில் முழு உறுப்பு நாட்டை வெல்லும் அசோசியேட் அணிக்கு, அதாவது முழு உறுப்பினர் அல்லாத அணிக்கு, அடுத்த நான்காண்டும் ஆண்டுக்கு ஒரு தொடராவது முழு உறுப்பினர் ஒருவரோடு, அதில் பாதி சொந்த மண்ணில், என்று உங்கள் எதிர்கால அட்டவணையிலேயே எழுதுங்கள். செலவை உங்கள் பொது நிதியிலிருந்து கொடுங்கள். செய்திகளில் வந்த பங்கீட்டின்படி, தொண்ணூற்றுச் சொச்சம் அசோசியேட் நாடுகளுக்கும் சேர்த்தே சுமார் 11 சதவீதம். எங்கள் இந்திய வாரியத்துக்கு மட்டும் 38-க்கு மேல். எங்கள் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்தாலும் இங்கே ஒரு மைதானத்திலும் விளக்கு அணையாது. முதல் தொடரை நைரோபி ஜிம்கானாவில் வைத்தாலும் சரி, காத்மாண்டுவில் வைத்தாலும் சரி. 2027 கோப்பை முடிந்த கையோடு தேதிகளை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கிரிக்கெட் ரசிகன்