வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்

திருகோணமலையில் மாணவர் சகவாழ்வுப் பயணங்களை ஏற்பாடு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

தமிழ்ப் பிள்ளைகளை முஸ்லிம் ஊரான கிண்ணியாவுக்கு நீங்கள் கூட்டிப்போன பயணம் எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். படங்களை வெளியிட்டதும் நீங்கள்தான். படத்தில் வராததைப் பற்றியே இந்த மடல்.

நீங்கள் தெரிந்தெடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பஸ் பள்ளிவாசலடிக்குப் போனபோது பன்னிரண்டே கால், ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமை நண்பகல் கூட்டுத் தொழுகைக்கு ஊரே திரண்டுவரும் நேரம். குத்பாப் பிரசங்கமும் தொழுகையும் முடிய ஒன்றேகால் ஆனது. அதுவரை தமிழ்ப் பிள்ளைகள் வெயிலில். பெண் பிள்ளைகளுக்கு ஒதுங்கவும் இடமில்லை. பல பள்ளிவாசல்களில் பெண்களுக்கெனத் தனிப்பகுதி கிடையாது. ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும்.

பிறகு சாப்பாடு. வருகிறவர்கள் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார்கள் என்று யோசித்து, விருந்து கொடுத்தவர்கள் கோழிப் புரியாணிதான் ஆக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சைவ வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை என்று அவர்களிடம் சொல்ல உங்களில் ஒருவரும் இல்லை. "இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்றார் ஒரு பொறுப்பாளர். ஐயா, புரியாணிச் சோறு இறைச்சியின் சாற்றிலேயே வேகிறது. எதை ஒதுக்குவது? சஹன் என்ற பெரிய பொதுத்தட்டைச் சுற்றி ஐந்தாறு பேராய் இருந்த பிள்ளைகளில் பலர் கைவைக்காமல் எழும்ப, பரிமாறியவர்களின் முகம் செத்துப்போனது. "எங்கட சாப்பாடு அவங்களுக்கு ஆகாதாம்" என்ற கதையோடு அன்றைய சகவாழ்வு நிறைவுற்றது.

ஆகவே வெள்ளிக்கிழமையை விடுங்கள். சனிக்கிழமை போங்கள் (புரட்டாசிச் சனியென்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்). சைவக்காரர் எத்தனை பேர் என்று இரண்டு நாள் முந்திச் சொன்னால், தனிச்சட்டி, தனிக்கரண்டியில் பருப்பும் கத்தரிக்காயும் ஆக்கித்தரக் கிண்ணியாவில் ஆளில்லாமலில்லை.

நேரமும் முக்கியம். அஸர் என்ற பிற்பகல் தொழுகை முடிந்து நாலு மணிபோலப் போய், பொழுதுபட்டதும் வரும் மஃரிப் தொழுகை வரை நில்லுங்கள். வெயில் தாழ்ந்து கடைத்தெரு நிறைவதும் உம்மாமார் வாசலில் இருந்து கதைப்பதும் அப்போதுதான். நோன்பு மாதமென்றால், பள்ளிவாசலில் கஞ்சி வாங்கச் சட்டியும் வாளியுமாகச் சிறுவர் நிற்பார்கள்: அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, ரம்பை, கொஞ்சம் இறைச்சி. ஆனால் போன வருடத் திகதியைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். பிறைக் கணக்கில் நோன்பு வருடந்தோறும் 10, 11 நாள் முந்திவரும்.

போகுமுன் வாசிக்க வையுங்கள். நீங்கள் பஸ்ஸில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் இருப்பவை இஸ்லாத்தின் ஐந்து கடமைகள் மட்டுமே. பரீட்சைக்கு உதவும். மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக்கொடுக்க ஒரு வாப்பா படும் பாடும், கிழக்கில் தமிழ்த் தகப்பனும் அதே பாடுதான் படுகிறார் என்பதும் அதில் கிடைக்காது, கதைகளில் கிடைக்கும். ஈழத்தின் முதல் தமிழ் நாவலை 1885இல் எழுதியவரே முஸ்லிம் அறிஞர் சித்திலெப்பைதான். கிண்ணியாவிலும் மூதூரிலும் இன்றும் எழுதுகிறார்கள். அவர்களின் சிறுகதை இரண்டைப் பிரதியெடுத்து ஒரு கிழமை முந்திக் கொடுக்க, பதாகைக்கும் பொன்னாடைக்கும் ஆனதைவிடவா செலவாகும்?

2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் அரசின் உத்தரவால் எரித்தார்கள். 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வரும்வரை அந்தக் குடும்பங்கள் துடித்தது, மையித்தை (சடலத்தை)க் குளிப்பாட்டி, கஃபன் என்ற வெள்ளைத் துணி சுற்றி, மக்காவிலுள்ள கஃபாவின் திசையான கிப்லாவை நோக்கிக் கிடத்தி அடக்குவதைப் பற்றி ஒன்றும் அறியாத எத்தனையோ பேருக்கு வெறும் செய்தி. அதையெல்லாம் ஒரு பஸ் பயணத்தின் தலையில் கட்டமுடியாதுதான். சொல்லவந்ததற்கு வருகிறோம்.

அடுத்தது மூதூர் என்று அறிகிறோம். நாளைக் குறிக்குமுன் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையையும் பிள்ளைகளின் பெற்றோரையும் தயவுசெய்து ஒருதரம் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே என்பதையும் விசாரித்து வைத்தால் நன்றியுடையோராவோம்.

இப்படிக்கு,
இரு சமூகத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும்,
திருகோணமலை