சொல்லாமல் மாற்றப்பட்ட எங்கள் ஸ்கில் கோப்புகள் குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
சிறு மென்பொருள் நிறுவனம், திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தானியங்கி அப்டேட்டில் எங்கள் ஸ்கில்களும் கமாண்டுகளும் அழிந்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். திருப்பூரில் ஆறு பேரை வைத்து, பனியன் கம்பெனிகளுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவருகிறேன். ஏஐயை வைத்து மென்பொருள் வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்ய உதவும் உங்கள் ஏஐ அஜைல் டூல்கிட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறோம். எட்டு மாதம் அது நன்றாகவே ஓடியது. ஸ்பிரிண்ட் எனும் வேலைச் சுற்றைத் திட்டமிடுவது, ஸ்டோரி எனும் சிறு வேலையைப் பிரிப்பது, எழுதியதை ரிவ்யூ பார்ப்பது எல்லாமே அதில்தான். ஸ்கில் என்பது ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஏஐக்கு எழுதி வைக்கும் குறிப்புக் கோப்பு, கமாண்டு என்பது பெயரைச் சொன்னதும் ஏஐ செய்ய வேண்டிய வேலை. நன்றாக ஓடியதால்தான் இவ்வளவு நம்பி வைத்துவிட்டோம்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை டூல்கிட் தானாகவே புதிய பதிப்புக்கு மாறியது. எங்கள் 11 ஸ்கில்களில் நான்கும், ரிவ்யூ கமாண்டும் அன்றைக்குப் போய்விட்டன. கோப்பு இருந்தது, பெயரும் பழைய பெயர்தான். உள்ளே இருந்த எழுத்து மட்டும் உங்களுடையது.

உங்கள் கையேடு என்ன சொல்கிறது? 'நாங்கள் தரும் ஸ்கில்லை எடுத்து உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.' அப்படித்தான் செய்தோம். எல்லா வேலைக்கும் பொதுவானதை பிராஜெக்டுக்குள் வைக்காமல் ஹோம் ஃபோல்டரில் வைக்கச் சொன்னதும் அதே கையேடுதான். பிராஜெக்டுக்குள் இருந்தவை, பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் Git-இல் பத்திரமாக இருக்கின்றன. ஹோம் ஃபோல்டரில் வைத்தவைதான் போனவை.

'ஸ்கில் என்பது ஒரு மார்க்டவுன் (சாதாரண எழுத்து) கோப்புதானே, திரும்ப எழுதிக்கொள்ளலாமே' என்று உங்கள் உதவிப் பிரிவிலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். அவருக்காக, போன நான்கில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதன் பெயர் 'சரிபார்ப்பு'. துணி டையிங்குக்குப் போகும்போது ஒரு எடை, திரும்பி வரும்போது ஒரு எடை. 100 கிலோ போனால் 100 கிலோ வராது. சாயம் ஏறாத கோராத் துணியில் இருக்கும் மெழுகும் எண்ணெயும் கழுவுவதிலேயே போய்விடும். பயோ வாஷ் (நொதி போட்டுத் துவைப்பது) போட்டால் இன்னும் குறையும். வெள்ளைக்கு இழப்பு அதிகம், கருப்புக்குச் சாயமே கொஞ்சம் எடை ஏற்றிவிடும் என்பதால் குறைவு. எந்த நிறத்துக்கு எவ்வளவு வரை ஒத்துக்கொள்வது என்று ஒவ்வொரு கம்பெனியும் டையிங்காரரோடு பேசி வைத்திருக்கும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்பவில்லை என்றால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாக ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆவது பிரிவு கருதும். அதனால் எந்த டிசி (துணியோடு அனுப்பும் டெலிவரி சலான்) இன்னும் முடியாமல் கிடக்கிறது என்பதையும் அந்த ஸ்கில் பார்க்கச் சொல்லும். ஸ்டோர் ரூமில் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதிய இரண்டு பக்கம் அது.

வியாழக்கிழமை எங்கள் பையன் ஒருவன் டிசி வரவுத் திரையில் ஒரு சின்ன ஸ்டோரியை ஏஐயிடம் கொடுத்தான். அது உங்கள் 'சரிபார்ப்பு' ஸ்கில்லைப் படித்துவிட்டு, அனுப்பிய அளவும் வந்த அளவும் ஒன்றாக இருந்தால்தான் பதிவு ஏறும் என்று எழுதிவிட்டது. டெஸ்டையும் அதே விதியை வைத்து அதுவே எழுதியதால் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். எங்கள் ரிவ்யூ கமாண்டில் 'எடை இழப்புக்கு இடம் இருக்கிறதா' என்று ஒரு கேள்வி உண்டு. அதுவும் போயிருந்தது. நானும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓகே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போட்டது முழுக்க என் தப்பு, அதை உங்கள் மேல் போடவில்லை.

சனிக்கிழமை இங்கே சம்பள நாள். ராத்திரி எட்டரைக்கு எங்கள் மென்பொருளை வைத்திருக்கும் ஒரு பனியன் கம்பெனியின் ஸ்டோர் அண்ணன் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, டையிங்ல இருந்து வண்டி வந்து நிக்குது. உங்க கம்ப்யூட்டரு எடையவே ஏத்த மாட்டீங்குது." 412 கிலோ போய் 389 கிலோ வந்திருந்தது. நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். வந்த எடையிலும் 412 என்று போட்டிருக்கிறார், ஏறிவிட்டது. டிரைவருக்கு வீட்டுக்குப் போகணும், அண்ணனுக்குச் சம்பளக் கவரைப் பிரிக்கணும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். திங்கள்கிழமை காலையில் கட்டிங் மாஸ்டர் இல்லாத 23 கிலோவை ரேக் ரேக்காகத் தேடியிருக்கிறார். ஏனென்றால் கம்ப்யூட்டர் கணக்கில் அது இருக்கிறது.

எங்கள் பழைய கோப்புகள் கிடைத்ததும் தற்செயல்தான். டீமில் ஒரு தம்பி மாரியம்மன் நோம்பிக்காக செவ்வாய்க்கிழமையே ஊருக்குப் போயிருந்தார், லேப்டாப்பை மூடியவர் திறக்கவே இல்லை. திரும்பி வந்ததும் வைஃபையை அணைத்துவிட்டுத்தான் அதைத் திறக்கச் சொன்னேன். பழைய நான்கும் ரிவ்யூ கமாண்டும் அதில் அப்படியே இருந்தன, பென் டிரைவில் எடுத்துக்கொண்டோம். நோம்பி ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தால் அதுவும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஏஐ ஆரம்பத்தில் ஒவ்வொரு ஸ்கில்லின் பெயரையும் விவரிப்பையும் மட்டும்தான் பார்க்கிறது. வேலைக்குப் பொருந்தும் என்று பட்டால்தான் முழுக் கோப்பையும் திறக்கிறது. அப்படியிருக்க, நீங்கள் புதிதாகச் சேர்த்த ஸ்கில்களின் விவரிப்பில் 'எந்த மாற்றம் செய்தாலும் இதைப் பயன்படுத்தவும்' என்று இருக்கிறது. மிச்சம் பிழைத்த எங்கள் ஏழு ஸ்கில்களும் இதனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. வந்த ஒறம்பரை (விருந்தாளி), வீட்டுக்காரனைத் திண்ணைக்கு அனுப்பிய மாதிரி. 'ஸ்டோரி' என்ற பெயரில் கமாண்டும் இருக்கிறது, இப்போது ஸ்கில்லும் இருக்கிறது. எது ஓடும் என்று உங்கள் ஆட்களிடமே கேட்டேன், இருவர் இருவிதமாகச் சொன்னார்கள்.

மூன்று மெயில் போட்டேன். முதலில் மறுபடி நிறுவச் சொன்னீர்கள். இரண்டாவதுக்கு வந்த பதில்தான் மேலே சொன்ன மார்க்டவுன் பதில். மூன்றாவதைப் பதிலே இல்லாமல் மூடிவிட்டீர்கள். 2001இல் வந்த அஜைல் அறிக்கையை உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். கருவியைவிட ஆட்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம் என்பதுதான் அதில் முதலில் வருகிறது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் ஸ்கில்கள் ஒரு ஃபோல்டரிலும் எங்களுடையவை வேறொரு ஃபோல்டரிலும் இருக்கட்டும். நாங்கள் கை வைத்த கோப்பை மாற்றுவதற்கு முன்னால் பழையது எது, புதியது எது என்று காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ள ஒரு வழி வேண்டும். இதெல்லாம் வரும்வரை தானியங்கி அப்டேட்டை எங்கள் கணக்கில் நிறுத்திவைக்க வேண்டும், அதை இந்த வாரமே செய்ய முடியும் என்று நினைக்கிறேன். அப்புறம், ஆண்டுச் சந்தாவில் அந்த மாதத்துக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும். 23 கிலோவுக்கான கணக்கை நான் பார்ட்டியோடு பேசித் தீர்த்துக்கொண்டேன், அதைக் கேட்கவில்லை.

அடுத்த ஸ்பிரிண்ட் திங்கள்கிழமை தொடங்குகிறது. அதற்குள் பதில் வந்தால் உங்கள் டூல்கிட்டில் தொடங்குவோம். வராவிட்டால் இந்த ஸ்பிரிண்ட் வெள்ளைப் பலகையில்தான். என்னை அழைப்பதாக இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருப்பூர்.

இணைப்பு: புதன்கிழமைக்கு முன்னும் பின்னும் இருந்த 'சரிபார்ப்பு' கோப்பின் இரண்டு பிரதிகள்.