‘படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்...’ என்று சொன்னவர்களுக்கு நன்றி

வட்டத்து நண்பர்களுக்கும், வெளியே இருந்து தோள் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

நம் மூளை வெண்பொருள் படமாக்கல் ஆய்வு வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை இந்த மாதத்தோடு இளையவர்கள் கையில் ஒப்படைக்கிறேன். பொறுப்பை விடுகிறவர் நாலு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு இறங்குவது வழக்கம். நாலு வார்த்தையில் அடங்காது என்பதால்தான் இந்த மடல்.

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வட்டத்துக்குக் கட்டடமோ பதிவு எண்ணோ வங்கிக் கணக்கோ கிடையாது. சென்னையில் ரேடியாலஜி படிக்கிறவர்கள், மருத்துவ இயற்பியல்காரர்கள், பொறியியல் ஆய்வு மாணவர்கள், இரண்டொரு நரம்பியல் மருத்துவர்கள் என்று சனிக்கிழமை மாலைகளில் கூடுவோம். ஒரு கட்டுரையையோ ஒரு ஸ்கேன் தரவையோ எடுத்துப் பிரித்து மேய்வோம். அவ்வளவுதான்.

பார்க்கிற பொருள் மட்டும் லேசுப்பட்டதல்ல. மனித மூளையில் ஏறக்குறைய பாதி வெண்பொருள். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறைதான் அதற்கு அந்த நிறத்தைத் தருகிறது. இழை ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமன். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் தரும் படத்தின் ஒரு கட்டமோ சுமார் 2 மில்லிமீட்டர். ஆக, இழையை நாம் நேரில் பார்ப்பதே இல்லை. தண்ணீரைத்தான் விசாரிக்கிறோம். ஒரு நீர் மூலக்கூறு 50 மில்லிவினாடியில் மூளைத் திசுவுக்குள் சுமார் 10 மைக்ரான் தூரம் அலைகிறது. இழையின் போக்கில் என்றால் தாராளமாக, குறுக்கே என்றால் தட்டித் தடுமாறி. அந்த வித்தியாசத்தை அளக்கும் வழியை 1965இல் ஸ்டெஸ்கலும் டேனரும் போட்டார்கள். 1994இல் பாஸரும் மாட்டியெல்லோவும் லெ பிஹானும் அதை, எந்தத் திசையில் எவ்வளவு அலைகிறது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சொல்லும் டென்சர் கணக்காக்கினார்கள். அதிலிருந்து வந்தவைதான் இன்றைக்குப் பத்திரிகை அட்டைகளில் வரும் அந்த வண்ண வண்ண நரம்புப் பாதைகள்.

அளந்தது தண்ணீரின் நடமாட்டத்தை, சொல்வதோ நரம்பைப் பற்றி. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய வழுக்குப் பாறை இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு நம்மை வழுக்க விடாமல் கையைப் பிடித்தவர்களுக்குத்தான் இந்த நன்றியில் பெரும்பங்கு.

முதலில் ஸ்கேன் அறை அக்காவுக்கு. வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு, வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் எங்களுக்காக இருந்தவர். தண்ணீரின் நடமாட்டத்தைக் காட்டும் இந்தப் படங்களை, அதாவது பரவல் படங்களை, வேகமாக எடுக்கும்போது, காற்றும் எலும்பும் சேரும் இடங்களில் காந்தப்புலம் குழம்பி, ஈரக் களிமண்ணை அழுத்தின மாதிரி நெற்றிப் பக்கம் பிதுங்கிப்போகும். அதே படத்தை எதிர்த்திசையில் ஒரு தடவை கூடுதலாக எடுத்துவிட்டால், இரண்டையும் ஒப்பிட்டு மென்பொருள் அதை நிமிர்த்திவிடும். ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாக ஆகாது. ஆனால் யாராவது ஞாபகமாக எடுக்க வேண்டுமே! அவர் ஒரு முறைகூட மறந்ததில்லை. “பின்னாடி கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க” என்பார். தலைக்கும் அதைச் சுற்றி மாட்டும் காயில் என்ற கூண்டுக்கும் நடுவில் அவர் பஞ்சு அடைக்கிற பக்குவம் எந்தப் பாடநூலிலும் இல்லை. எங்கள் படங்களில் அசைவு குறைவாக இருந்ததற்கு அந்தப் பஞ்சுதான் பாதிக் காரணம்.

இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, திசை தெரிந்த ஏதோ ஒன்றை உள்ளே வைத்துச் சோதிக்க வேண்டும். உலகம் முழுக்கப் பலர் அதற்கு அஸ்பராகஸ் தண்டு வைக்கிறார்கள்; நம் தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவுக்காரச் செடி. நீளவாக்கில் ஓடும் நுண்குழாய்கள் உள்ளதால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டியே தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் அதன் விலையைப் பார்த்துவிட்டு வந்த மாணவனின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. “வாழைத்தண்டு வைக்கலாமே, முடிஞ்சதும் கூட்டு வைக்கலாம்” என்று அக்கா சொன்ன யோசனை நிலுவையில் இருக்கிறது. புதிய பொறுப்பாளர்கள் கவனிக்கவும்.

அடுத்தது, பொறியியல் பக்கத்திலிருந்து வந்த அந்தத் தங்கைக்கு. வேறொரு மையத்திலிருந்து வந்த தரவைத் திரையில் போட்டிருந்தோம். எல்லாம் ஒழுங்கு. இடவலமாக ஓடும் இழைகள் சிவப்பு, முன்பின்னாக ஓடுபவை பச்சை, மேல்கீழாக ஓடுபவை நீலம் என்று வண்ணங்கள் அததன் இடத்தில் இருந்தன. அவர் மட்டும், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் முன்பக்கத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அங்கே இழைகள் வளைந்து நெற்றி மடலுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் திசை காட்டும் குட்டிக் குச்சிகளோ வளைவின் போக்கில் படுக்காமல் குறுக்கே நின்றன. எந்தெந்தத் திசையில் அளந்தது என்று குறித்த அட்டவணையில் ஓர் அச்சின் கூட்டல் குறி கழித்தலாகியிருந்தது. வண்ணப் படம் குறியைப் பார்ப்பதில்லை, அளவை மட்டுமே பார்க்கும். அதனால் அது கடைசிவரை அழகாகவே இருக்கும். பாதை வரையும்போதுதான் வண்டி தடம் மாறும். அன்றைக்கு அவர் குச்சிகளைப் பார்க்காமல் விட்டிருந்தால், இல்லாத பாதைகளை வைத்துக்கொண்டு ஒரு மாதமாவது விவாதித்திருப்போம். இன்றுவரை எந்தத் தரவு வந்தாலும் முதலில் குச்சியைப் பார்ப்பது நம் வட்டத்தின் சட்டம்.

உடற்கூறியல் பேராசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாங்கள் திரையிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டு, “ஒரு தடவை கையால் தொட்டுப் பாருங்கள்” என்று கூப்பிட்டார். பாசெல் நகரத்தில் யோசஃப் கிளிங்லர் 1930களில் உருவாக்கிய முறை அது. ஃபார்மலினில் பதப்படுத்திய மூளையை உறைய வைத்தால், இழைகளுக்கு நடுவில் பனிப்படிகங்கள் உண்டாகி அவற்றை விலக்கிவிடும். உருகிய பிறகு மரக் குச்சியால் மெல்ல வழித்தால் நார் நாராக வரும். ஐயா புறணியை, அதாவது மூளையின் மேலடுக்கை, வழித்தெடுத்தார். பக்கத்து மடிப்புகளை இணைக்கும் குட்டி வளைவு இழைகள் முதலில் தெரிந்தன. அப்புறம் அவற்றையும் நீக்கினார். பக்கவாட்டில், மொழிக்கான பகுதிகளை இணைக்கும் ஆர்க்குவேட் கற்றை வில்லாக வளைந்து இறங்கியது. யாரும் பேசவில்லை. ஒரு மாணவி மட்டும், “சார், நாம் போட்ட படத்தில் இது இன்னும் பின்னால் நீண்டு போச்சே?” என்று கேட்டார். “அதைத்தான் நீங்கள் யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டு ஐயா கையுறையைக் கழற்றினார். அந்த மேசையில் இருந்த மூளை, உடல்தானம் செய்த ஒருவருடையது. அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவருக்கும், அந்த முடிவுக்குத் துணை நின்ற குடும்பத்துக்கும் தலை வணங்குகிறோம்.

நரம்பு நோயியல் மேடத்தைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. இதையும் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார். தண்ணீர் எந்த அளவுக்கு ஒரே திசையில் அலைகிறது என்று சொல்லும் எஃப்.ஏ. என்ற எண் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அது குறைந்த இடத்தில் எல்லாம் ‘நரம்பு சேதம்’ என்று எழுதிவிட நம்மில் எல்லோருக்கும் கை அரிக்கும். மேடம் விடமாட்டார். நல்ல மூளையிலும் இரண்டு மூன்று கற்றைகள் குறுக்கிடும் இடத்தில் அந்த எண் சரியும். அங்கே ஒரு கற்றை அழிந்துபோனால், மிச்சமிருப்பது ஒரே திசையில் நிற்பதால் எண் ஏறவும் கூடும். “ஏறினால் குணமாகிவிட்டது என்று எழுதுவீர்களா?” என்று ஒருமுறை கேட்டார். டெரெக் ஜோன்ஸும் கூட்டாளிகளும் 2013இல் இந்த மாதிரிப் பிழையான பேச்சுகளையே பட்டியல் போட்டு எழுதிய கட்டுரையை, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அச்செடுத்துக் கையில் கொடுப்பது மேடத்தின் ஏற்பாடு. பாதை வரைவதில் அதீத நம்பிக்கை வைக்கிறவர்களுக்கு 2017இல் வந்த இன்னொரு கட்டுரையும் சேர்ந்து கிடைக்கும். விடை முன்பே தெரிந்த, 25 கற்றைகள் கொண்ட ஒரு செயற்கைத் தரவை 20 குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இருக்கிற கற்றைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடவே இல்லாத கற்றைகளை அதைவிட அதிகமாகவும் கண்டுபிடித்தார்கள்.

நேரில் பார்க்காதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். எஃப்.எஸ்.எல்., எம்.ஆர்.டிரிக்ஸ், டைபை ஆகிய மென்பொருள்களைக் காசு வாங்காமல் நம் கைக்குக் கொடுத்தவர்கள் இல்லையென்றால் இந்த வட்டம் முதல் மாதமே கலைந்திருக்கும். அதே மாதிரி, மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கும் ஹியூமன் கனெக்டோம் திட்டத்துக்காக அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்கேனருக்குள் படுத்த சுமார் 1200 இளைஞர்கள். இரட்டையர்களும் உடன்பிறப்புகளுமாக வந்தவர்கள் நிறையப் பேர். 1.25 மில்லிமீட்டர் கட்டத்தில், 270 திசைகளில், பரவல் படத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் போல அசையாமல் கிடந்திருக்கிறார்கள். அந்தத் தரவை வைத்துத்தான் நம் பிள்ளைகள் கணக்குப் பழகினார்கள்.

நம் சொந்த ஸ்கேனுக்குப் படுத்தவர்களில் ஒருவரை மறக்க முடியாது. ஓய்வு பெற்ற ஆசிரியர். முடிந்து வெளியே வந்ததும் திரையில் வண்ணப் படத்தைப் பார்த்தார். “இந்தக் கலர் உள்ளேயே இருக்கா, இல்லை நீங்க அடிச்சதா?” என்றார். நாங்க அடிச்சதுதான் ஐயா என்றோம். “அப்போ எது என்னோடது, எது உங்களோடதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நடந்தது மாதிரி ஒரு நல்ல கூட்டம் எங்களுக்கு அமைந்ததில்லை. ஐயா, எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்.

இயந்திர நேரம் தருவதாகச் சொல்லிக் கடைசி நிமிஷத்தில் கைவிட்ட இடமும் ஒன்று உண்டு. அது இருக்கட்டும். அறை கொடுத்தவர்கள், புரொஜெக்டர் சுமந்தவர்கள், சனிக்கிழமைகளை எங்களுக்கு விட்டுக்கொடுத்த வீட்டு மனிதர்கள், சொல்லாமலே எங்களுக்குத் தனியாகச் சர்க்கரை குறைத்து டீ போட்ட அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

இனி நிர்வாக விஷயம். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பேர் சேர்ந்து பொறுப்பை ஏற்கிறார்கள்; ஒருவர் ரேடியாலஜி, ஒருவர் இயற்பியல், அப்படியே தொடரட்டும். முதல் கூட்டத்தில் மயலின் நீர்ப் படமாக்கலை, அதாவது மயலின் உறைக்குள் சிக்கிய தண்ணீரைத் தனியாக அளக்கும் முறையை, எடுக்கிறார்கள். வான்கூவரில் மெக்கே குழு 1994இல் வெளியிட்ட கட்டுரையை எல்லோரும் வாசித்துவிட்டு வரவும். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட தாரணி என்ற, கருவிலிருக்கும் சிசுவின் மூளைப் படத்தொகுப்பைப் பெரிய திரையில் பார்ப்பது அதற்கடுத்த கூட்டத்தில். தரவு உள்ள ஹார்ட் டிஸ்க்குகள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன, சாவி இருவரிடமும் உண்டு. மூலக் கோப்புகளில் யாரும் கைவைக்க வேண்டாம்; நகல் எடுத்து வேலை செய்யுங்கள்.

அன்புடன்,
வெண்பொருள் ஆய்வு வட்டத்தின் பழைய ஒருங்கிணைப்பாளர்