உறைந்த ஏரியில் நீச்சல் கைகொடுக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவில் நம்மவர்கள் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பதைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் மூன்று பேர் மாறி மாறி வாசித்தோம். படங்கள் நல்ல வடிவு. நாற்பது வருடமாக மீனுக்கு மேலே ஐஸ் கொட்டிப் பழகியவன் நான். அங்கேயும் மீனுக்கு மேலேதான் ஐஸ், ஆனால் அந்த ஐஸுக்கு மேலே கதிரை போட்டு மனிதன் இருக்கிறான்! அது உடைந்தால் என்ன செய்வது என்று முழுப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பியின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறான். விண்ரர் வந்தால் சனி, ஞாயிறுகளில் கூட்டாளிகளோடு ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரிக்குப் போய்விடுவான். பேர்ச் என்ற சின்ன மீனுக்காகத்தான் இவ்வளவு பாடும். நான் கேட்டால், "இதுக்கு மேலை காரே ஓடுது பெரியப்பா. பாசையூரார் தண்ணிக்குப் பயப்பிடுறதோ?" என்று சிரிப்பான். போன தை மாதம் அவனோடு போன பெடியன் ஒருவன், சிற்றாறு ஒன்று ஏரியில் விழுகிற இடத்துக்குக் கிட்ட நடந்து இடுப்பளவுக்கு உள்ளே போய்விட்டான். கூட வந்தவர்கள் கிட்டப் போகாமல், படுத்துக்கொண்டு கயிறு எறிந்து இழுத்து எடுத்தார்கள். அவனும் கடற்கரையில் வளர்ந்தவன், நல்ல நீச்சல்காரன்.

எனக்குப் பயமே இந்த நீச்சல் துணிச்சல்தான். பரவைக்கடலில் வள்ளம் கவிழ்ந்தால் மணிக்கணக்கில் மிதக்கலாம், நானே மிதந்திருக்கிறேன். அங்கே ஐஸை ஒட்டியுள்ள தண்ணீர் பூச்சிய பாகைக்குக் கிட்ட இருக்கும். ஏரியின் அடிக்குப் போனாலும் 4 பாகைதான். மனிரோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் தன் உடம்பையே குளிர்நீரில் இறக்கிப் பார்த்தவர். அவர் சொல்கிற கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் சொல் கேட்காது, தானாக இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. தலையை மேலே வைத்து மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவதைத் தவிர வேறு வேலை பார்க்கக் கூடாது. அடுத்த 10 நிமிடம் கை கால் ஓரளவு வேலை செய்யும். அப்புறம் விரலை மடக்கவும் முடியாது. குளிரில் நினைவு தப்ப 1 மணித்தியாலம் வரை ஆகும், ஆனால் பலர் அதற்கு முன்பே மூழ்கிவிடுகிறார்கள்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிட வேண்டும். வந்த பக்கமே திரும்புங்கள், அவ்வளவு தூரமும் தாங்கிய ஐஸ் அது. முழங்கையை மேலே ஊன்றி, காலைப் பின்னால் நீட்டி உதைத்து, வள்ளத்தில் ஏறுவது போல நெஞ்சால் ஏற வேண்டும். ஏறியதும் எழும்பி நிற்காமல் உருண்டு விலக வேண்டும். ஈர ஐஸில் வெறுங்கை வழுக்கும் என்பதால், ஆணி வைத்த இரண்டு கைப்பிடிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சில டொலர்தான் விலை. அதோடு ஒரு லைஃப் ஜக்கெற், ஒரு கயிறு. தூண்டிலுக்கு அவ்வளவு காசு கொட்டுகிறவர்கள் இதற்கு ஏன் கணக்குப் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

விழாமல் இருக்க வழி, சேற்றில் நாங்கள் கோலால் குத்திப் பார்த்துக் கால் வைப்பது போலத்தான். அங்கே இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி நடந்து, இடைக்கிடை துளை போட்டு அளக்கிறார்கள். தனி ஆள் நடக்க 15 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்கிறது கனடிய செஞ்சிலுவைச் சங்கம். அதுவும் தெளிந்த, நீலமாகத் தெரிகிற ஐஸுக்கு. பால் போல வெள்ளையாக இருந்தால் பலம் பாதிதான். ஒரு இடத்தில் அளந்துவிட்டு ஏரி முழுவதும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. ஆறு விழும் இடம், ஒடுங்கிய நீரோட்டம், பாறைக்கு அருகு எல்லாம் மெல்லிசாக இருக்கும். மார்ச் மாதத்து ஐஸ் தடிப்பாகவே இருந்தாலும் உள்ளே உளுத்திருக்கும். கார் ஓடுது என்கிற கதையைத் தயவுசெய்து விடுங்கள். முந்தின நாள் ஓடிய கார் அது.

காற்றை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஒகையோப் பக்கம் ஈரி ஏரியில், கரையிலிருந்து வீசிய காற்றில் பெரிய ஐஸ் பாளம் ஒன்று கழன்று போனது. அதில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஹெலிகொப்ரரும் படகுகளும் போய் எடுத்தன. ஒருவர் இறந்தார். வெடிப்பைக் காலையிலேயே கண்டும், மரப்பலகை போட்டுத் தாண்டிப் போனவர்கள் அவர்கள். சோளகம் கிளம்புகிற நேரம் பார்த்துக் கரைக்குத் திரும்புகிற நம்மவர்கள் அங்கே போய் அதை ஏன் மறக்க வேண்டும்?

இன்னொன்று, ஐஸ் மேல் போடுகிற குடிலுக்குள் காஸ் அடுப்பு எரித்துக் கதவைச் சாத்திக்கொள்வது. அடுப்பு எரியும்போது வருவது புகையில்லாத நச்சுவாயு (காபன்மொனொக்சைட்டு), நித்திரையோடு கொண்டுபோய்விடும். காற்று வர வழி விடச் சொல்லுங்கள்.

இங்கிருந்து ரெலிபோன் எடுக்கிற தாய் தகப்பன்மார் "குளிருக்குப் போர்த்தியிருக்கிறியா, சாப்பிட்டியா" என்றுதான் கேட்கிறார்கள். தடிப்பு எவ்வளவு, கயிறு இருக்கிறதா, யாரோடு போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்றும் கேட்கட்டும். நீங்களும் அடுத்த விண்ரருக்கு அங்கே ஏரி உறைய முதலே, கார்த்திகையில், இந்தக் கணக்குகளைப் படங்களோடு ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்றொழிலாளி,
பாசையூர், யாழ்ப்பாணம்.